மேற்குச் சுவருக்கு முள்ளில்லாத ஒரு மரம்

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் பக்கம் வீடு தேடுகிறவர்கள் படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே கொல்லைப்புறம் எந்தத் திசை என்று கேட்டுவிடுவார்கள். மேற்கு என்றால் முகம் சுருங்கும். சாண்ட்லரில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குக் கொல்லைப்புறம் மேற்குதான். தெரிந்தேதான் வாங்கினோம். பள்ளிக்கூடம் பக்கம், வேலைக்குப் போகும் தூரம் குறைவு, வெயிலுக்கு ஒரு மரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

அந்த 'ஒரு மரம்' எது என்று முடிவு செய்வதில்தான் நிறைய நேரம் போனது. இங்கத்து வெயிலைத் தெரியாதவர்களுக்காக இரண்டு எண்கள். 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாட்கள் தொடர்ச்சியாக ஃபீனிக்ஸில் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் சொன்னால் 43-க்கு மேல். அடுத்த ஆண்டு, 113 நாட்கள் தொடர்ச்சியாக 100 டிகிரிக்குக் குறையவில்லை. காலையில் வீட்டுக்குள் சமாளித்துவிடலாம். நாலு மணிக்கு மேல் சூரியன் இறங்கி வந்து படுக்கையறைச் சுவரில் நேராக அடிக்கும்போதுதான் ஏசி மூச்சு வாங்கும். அகச்சிவப்பு வெப்பமானியை அந்தச் சுவரில் காட்டினால் 55 செல்சியஸ் காட்டும். ராத்திரி பத்து மணிக்குக் கை வைத்தாலும் சுவர் சுடும்.

திரை, ஓலைப்பந்தல் மாதிரியான வெயில் மறைப்பு எல்லாம் யோசித்தோம். மரம் என்றுதான் வந்து நின்றது. நிபந்தனைகள் இவை: முள் கூடாது, ஏனென்றால் பிள்ளைகள் வெறுங்காலோடு திரிகிற இடம். தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும். எச்.ஓ.ஏ. எனும் குடியிருப்போர் சங்கம் அனுமதித்த செடிப் பட்டியலில் இருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்கும் எல்லை மதிலுக்கும் நடுவே முப்பது அடிதான் இருக்கிறது, அதற்குள் அடங்க வேண்டும். சீக்கிரம் வளர வேண்டும்.

பாலைவனத்தில் முள்ளில்லாத மரம் வேண்டும் என்பது கொஞ்சம் பேராசைதான். ஃபீனிக்ஸ் இருக்கும் சொனோரா பாலைவனத்தின் சொந்த மரங்கள் பெரும்பாலும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மெஸ்கீட், பாலோ வெர்டே, அயர்ன்வுட், கேட்கிளா அகேசியா என்று எல்லாமே முள்ளோடுதான் வளரும். பசி எடுத்த மானும் முயலும் சுற்றுகிற இடத்தில், கஷ்டப்பட்டு வளர்த்த கொஞ்சம் இலையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

அப்பாவின் வேம்பும் வேலிக்கருவையும்

அப்பா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர். நிழல் மரம் என்றதும் அவர் வாயிலிருந்து வந்தது வேம்பு. தப்பில்லை, இங்கே வேம்பு வைத்திருக்கும் நம்மவர்கள் உண்டு. ஆனால் டிசம்பர், ஜனவரியில் சில இரவுகள் வெப்பம் உறைநிலையைத் தொடும். இளம் வேம்பு அதில் கருகும். முருங்கை மாதிரி அடியிலிருந்து மறுபடி துளிர்க்கலாம், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு தரையிலிருந்து ஆரம்பிக்கிற மரம் எப்போது சுவரை மறைப்பது? குளிர் இரவுகளில் போர்வை போர்த்தி, பல்பு கட்டி வளர்க்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அடுத்து நான் மெஸ்கீட் படத்தைக் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏப்பா, இது நம்ம வேலிக்கருவையில்ல? அங்க ஜேசிபி வச்சுத் தோண்டி எறியுறோம், நீ காசு குடுத்து வாங்கப் போறியா?"

அவர் சொன்னது சரிதான், உறவு உண்மை. நம் ஊர் சீமைக்கருவேலமும் இங்கத்து வெல்வெட் மெஸ்கீட்டும் ஒரே குலம். இலை, காய், பூங்கொத்து எல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், இது இங்கே பிறந்த மரம். வெல்வெட் மெஸ்கீட்டின் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிடுவது தோஹோனோ ஓதம் பழங்குடிகளின் பழக்கம், இன்றும் அந்த மாவு கடைகளில் கிடைக்கிறது. அதற்காக அதைக் கொல்லைப்புறத்தில் வைக்க அப்பா ஒத்துக்கொள்வாரா? "நிழலுக்கு நல்ல மரந்தான், நான் இல்லன்னு சொல்லல" என்று மட்டும் சொன்னார். வேலிக்கருவை நிழலில் ஆடு கட்டியவர் அவர், அது தெரியாமலா இருக்கும்.

முள்ளில்லாத மெஸ்கீட் நர்சரிகளில் கிடைக்கிறது. 'மேவரிக்' என்ற ரகம் ஹனி மெஸ்கீட்டிலிருந்து தேர்ந்தெடுத்தது. தென்னமெரிக்க மெஸ்கீட்டுகளின் கலப்புகளிலும் முள்ளில்லாதவை இருக்கின்றன. ஆனால் இதில் கவனிக்க ஒன்று உண்டு. விதையிலிருந்து வளர்த்த கலப்பு மெஸ்கீட்டில் எந்தக் கன்று முள்ளோடு வரும், எது இல்லாமல் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒட்டுக் கட்டிய கன்றாக இருந்தால் மேலே முள் இருக்காது, அடியில் வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிர் விரல் நீள முள்ளோடு வரலாம். சீட்டில் 'முள்ளில்லாதது' என்று எழுதியிருப்பதை நம்பினால் போதாது. எப்படி வளர்த்த கன்று என்று கேட்க வேண்டும்.

பட்டியலில் மிஞ்சியவை

பக்கத்துத் தெருக்களில் நடந்து பார்த்ததில் பல மரங்கள் தாமாகவே கழன்றுகொண்டன. சிசூ மரம், அதாவது வட இந்தியாவின் ஷீஷம், ஃபீனிக்ஸ் முழுக்க நிற்கிறது. நம் ஊர் ஈட்டியின் உறவு. பச்சைப்பசேல் என்று அடர்ந்த நிழல், வேகமான வளர்ச்சி, முள் கிடையாது. ஆனால் வேர் மேலாகவே ஓடி நடைபாதையைத் தூக்குகிறது, வேரிலிருந்து புதுக் கன்றுகள் முளைக்கின்றன. முப்பது அடிக் கொல்லையில் அதை வைத்தால் மதிலுக்கும் தளத்துக்கும் ஆபத்து. ஷூஸ்ட்ரிங் அகேசியாவுக்கு இலை கயிறு கயிறாகத் தொங்கும். அழகு, நிழல் குறைவு. முல்கா நல்ல மரம், மெதுவாக வளரும். ரெட் புஷ் பிஸ்டாஷ் இலையுதிர் காலத்தில் சிவந்து நிற்பதைப் பார்த்து மனைவி ஆசைப்பட்டாள். அதற்குப் பாலைவன மரங்களைவிடத் தண்ணீர் கூடுதலாக வேண்டும் என்று அதை விட்டோம். டெசர்ட் வில்லோ பிடித்திருந்தது, முள்ளும் இல்லை, ஊதாப் பூவும் பூக்கும். ஆனால் மேற்குச் சுவர் முழுவதையும் மறைக்கிற அளவு படர்வு அதற்கு இல்லை.

மிஞ்சியது 'டெசர்ட் மியூசியம்' பாலோ வெர்டே. டூசானில் இருக்கும் அரிசோனா-சொனோரா டெசர்ட் மியூசியத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் மார்க் டிம்மிட் தேர்ந்தெடுத்த கலப்பினம், பெயர் அங்கிருந்துதான் வந்தது. மூன்று பாலோ வெர்டேக்களின் ரத்தம் இதில் ஓடுகிறது: நீலப் பாலோ வெர்டே, மலையடிவாரப் பாலோ வெர்டே, மெக்சிகன் பாலோ வெர்டே. மூன்றுமே முள் மரங்கள். மூன்றாவது, நம் ஊர் வறண்ட பக்கங்களிலும் வேலியோரம் மஞ்சள் பூவோடு நிற்கும் அதே மரம். இவற்றுக்குப் பிறந்த இந்த ஒரு கன்றுக்கு மட்டும் முள் இல்லை. பூ பெரியது, காய் குறைவு, தண்டு நிமிர்ந்து வளரும். விதை போட்டால் இந்தக் குணம் அப்படியே வராது என்பதால் குச்சி வெட்டி வேர்விட வைத்துத்தான் பெருக்குகிறார்கள். ஒட்டு இல்லை என்பதால் அடியிலிருந்து முள் தளிர் கிளம்பும் பயமும் இல்லை.

பாலோ வெர்டேக்குப் பட்டையே பச்சை. இலை பொடிப்பொடியாக இருக்கும், வறட்சி வந்தால் அதையும் உதிர்த்துவிட்டுப் பட்டையிலேயே உணவு தயாரிக்கும். அதனால் நிழல் ஆலமரத்து நிழல் மாதிரி அடர்த்தியாக இருக்காது, சல்லடை நிழல். அடர்ந்த நிழல் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு அது போதும். சுவரில் விழும் வெயிலில் பாதிக்கு மேல் தடுத்தாலே லாபம்.

துடைப்பக் கட்டையும் ஐந்து மணி வெயிலும்

எங்கே நடுவது என்பதை ஜூன் கடைசியிலேயே முடிவு செய்தேன், நட்டது அக்டோபரில். இங்கே நட நல்ல காலம் அக்டோபர், நவம்பர். மண்ணில் சூடு இருக்கும், காற்றில் இருக்காது. ஆனால் நிழல் எங்கே விழும் என்பதை ஜூனில்தான் பார்க்க முடியும்.

துடைப்பக் கட்டையை ஐந்தடி உயரத்துக்கு நட்டமாக நிறுத்தி, மாலை ஐந்து மணிக்கு நிழலை அளந்தேன். எட்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அரிசோனாவில் கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்புவதில்லை என்பதால் இந்தக் கணக்கு நேராக வருகிறது: ஐந்து மணிக்குச் சூரியன் 31 டிகிரி உயரத்தில் நிற்கும். சுவரிலிருந்து 15 அடி தள்ளி 20 அடி உயர மரம் இருந்தால், அதன் உச்சியின் நிழல் சுவரில் 11 அடி உயரத்தில் விழும். மாடி இல்லாத எங்கள் வீட்டின் சுவருக்கு அது தாராளம்.

நிழல் நேர் கிழக்கே விழவில்லை, கொஞ்சம் தெற்கே சாய்ந்து விழுந்தது. ஜூனில் சூரியன் மேற்குக்கும் வடக்கே போய் இறங்குகிறது. ஐந்து மணிக்கு 9 டிகிரி, ஆறு மணிக்கு 16 டிகிரி வடக்கே. அதனால் மரம் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது, மூன்று நாலு அடி வடக்கே தள்ளி இருக்க வேண்டும். தெருவில் பல வீடுகளில் மரம் ஜன்னலுக்குச் சரிநேரே, அழகாக, பயனில்லாமல் நிற்கிறது.

அடுத்து ஆறு மணிக் கணக்கைப் போட்டேன். அப்போது சூரியன் 18 டிகிரிக்கு இறங்கிவிடும். மரத்தின் கீழ்க் கிளைகள் 6 அடியில் தொடங்கினால் நிழலின் கீழ் விளிம்பு சுவரில் தரையிலிருந்து ஒரு அடியில் இருக்கும். கிளைகளை எட்டு அடிக்குத் தூக்கி வெட்டினால் அந்த விளிம்பு மூன்றடிக்கு ஏறிவிடும். எங்கள் ஜன்னலின் அடிப்பாகம் வெயிலில் நிற்கும். ஆக, மேற்கில் வைக்கிற மரம் உயரமாக இருப்பதைவிடத் தாழ்வாகக் கிளை விட்டிருப்பது முக்கியம். முள்ளில்லாத மரத்தின் உண்மையான பயன் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. முள் மரம் என்றால் ஆள் நடமாட்டத்துக்காகக் கீழ்க் கிளைகளைக் கழித்தே ஆக வேண்டும், கழித்தால் மாலை வெயில் அடியில் புகுந்து வரும். முள் இல்லையென்றால் கிளை தோளில் இடித்தாலும் ஒதுக்கிவிட்டுப் போகலாம், அப்படியே விட்டுவைக்கலாம். வெறுங்கால் கதையெல்லாம் அடுத்ததுதான்.

அதனால் நர்சரியில் ஒற்றைத் தண்டு மரம் வேண்டாம், அடியிலிருந்தே இரண்டு மூன்று தண்டு பிரியும் மரம் வேண்டும் என்று கேட்டேன்.

நர்சரியில்

அந்த நர்சரியில் பாலோ வெர்டே ஒரு முழு வரிசை நின்றது, பாதிக்கு மேல் சீட்டு உதிர்ந்தவை. விற்பனை செய்த பெண்மணியே ஒரு வழி காட்டினார். பென்சில் கனமுள்ள ஒரு கிளையைப் பிடித்து, நுனியிலிருந்து அடி நோக்கி கட்டைவிரலால் மெல்லத் தடவ வேண்டும். நீலப் பாலோ வெர்டே என்றால் ஒவ்வொரு கணுவிலும், இலைக்கு அடியில், அரிசி நுனி போல ஒரு சின்ன முள் விரலில் தட்டும். மலையடிவார ரகம் என்றால் கணுவில் ஒன்றும் இருக்காது, ஆனால் குச்சியின் நுனியே ஊசியாக முடிந்திருக்கும். மெக்சிகன் ரகத்தில் முள் இரட்டையாக நிற்கும், அதைத் தடவிப் பார்க்கவே வேண்டாம். டெசர்ட் மியூசியத்தில் கணு வழுவழுவென்று இருக்கும், நுனி மெத்தென்று முடியும். புதிதாக வேகமாக வளர்ந்த தளிரில்தான் பார்க்க வேண்டும். முள் வருவதென்றால் அதில்தான் முதலில் வரும்.

முள் பார்த்தபிறகு வேர். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும். கம்பம் நட்டது போல நேராக மண்ணுக்குள் போனால் தொட்டியில் ஆழமாகப் புதைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தாங்கலுக்குக் கட்டிய நர்சரிக் குச்சியை அவிழ்க்கச் சொல்லி மரம் தானாக நிற்கிறதா என்று பார்த்தேன். அவிழ்த்ததும் வில்லாக வளைந்த ஒன்றைத் தள்ளி வைத்தேன்.

15 காலன் தொட்டியா, 24 இன்ச் பெட்டியா என்பதில் விற்பனைப் பெண்மணி என் பக்கம்தான் பேசினார். பெட்டி மரம் இரண்டு மூன்று மடங்கு விலை, நான்கு பேர் இல்லாமல் நகர்த்த முடியாது. சின்ன மரத்துக்கு வேர் விடுவது சுலபம், இரண்டு மூன்று கோடையில் பெரியதை எட்டிப் பிடித்துவிடும். 15 காலனையே எடுத்தேன், பின்சீட்டை மடக்கி, கிளைகளைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி எடுத்து வந்தோம். முள் மரமாக இருந்தால் பெட்ஷீட் கந்தலாகியிருக்கும்.

குழி

தோண்டுவதற்கு முன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும். இது சட்டம், செலவு கிடையாது. இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே சொன்னால் ஆள் வந்து மண்ணுக்கடியில் ஓடுவதைப் பெயின்டால் குறித்துவிட்டுப் போவார். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர், ஆரஞ்சு தொலைத்தொடர்பு. மீட்டர் வரைதான் அவர்கள் பொறுப்பு. அதற்கப்புறம் நம் வீட்டுச் சொட்டுநீர்க் குழாய், பார்பிக்யூவுக்குப் போகும் எரிவாயுக் குழாய் எல்லாம் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

மேலே கிரானைட் சரளை, அதை வாரி ஒதுக்கினால் செம்மண். ஒன்றரை அடிக்குக் கீழே மண்வெட்டி 'டங்' என்றது. இங்கே கலீச்சி என்பார்கள், ஊரில் சுக்காம்பாறை என்போமே, கிட்டத்தட்ட அதே. சுண்ணாம்பு கரைந்து இறங்கி, ஆவியாகி, மண்ணையும் கல்லையும் சிமென்ட் போட்டது போலக் கட்டிவைத்த வெளுத்த படலம். இதை உடைக்க இந்த ஊர்க் கடைகளில் 'சான் ஆஞ்சலோ பார்' என்று ஒன்று விற்கிறார்கள். நம் கடப்பாரைதான். அப்பா அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "நாம இருக்க, வெளியில எதுக்குத் தேடுற" என்று இரண்டு குத்துக் குத்தினார். எழுபத்தைந்து வயதில் கையில் அந்த லயம் போகவில்லை. பிறகு நான் வாங்கிக்கொண்டேன்.

குழி எத்தனை ஆழம், எத்தனை அகலம்? ஆழம், தொட்டி மண்ணின் உயரத்துக்கு மேல் கூடாது. மரம் தோண்டிய இளக மண்ணின் மேல் உட்கார்ந்தால் பிறகு இறங்கிவிடும். அகலம், தொட்டியைப் போல மூன்று மடங்கு, முடிந்தால் ஐந்து. வேர் பக்கவாட்டில்தான் ஓடப்போகிறது.

மாலையில் குழி நிறையத் தண்ணீர் விட்டேன். மறுநாள் காலையிலும் அடியில் குட்டை மாதிரி நின்றது. இப்படி நின்றால் வேர் அழுகும், மரம் பிழைத்தாலும் வேர் கீழே போகாமல் சுற்றிச்சுற்றி வரும். கலீச்சிப் படலம் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை, தண்ணீர் இறங்க ஒரு வழி இருந்தால் போதும். குழியின் அடியில் ஓரமாக ஒரு அடி விட்டத்துக்குக் கடப்பாரையால் புகைபோக்கி மாதிரி ஒரு துளை போட்டோம். இந்த வேலைதான் ஆளைக் கொன்றது. ஈரப்படுத்தி, ஊறவிட்டு, குத்தி, தகர டப்பாவால் அள்ளி, மறுபடி ஈரப்படுத்தி. ஒரு கட்டத்தில் கடப்பாரை நுனி 'சொத்'தென்று உள்ளே இறங்கியது, கீழே சரளை கலந்த மண். அடுத்த முறை விட்ட தண்ணீர் மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிட்டது.

எரு, உரம், கரி எதுவும் போடவில்லை. குழியில் மட்டும் நல்ல மண் இருந்தால் வேர் அதற்குள்ளேயே சொகுசாகச் சுற்றும், வெளியே போகாது. தோண்டிய மண்ணையே, கலீச்சிக் கட்டிகளைப் பொறுக்கிவிட்டுத் திருப்பித் தள்ளினேன். தொட்டியைக் கத்தியால் நெடுக்கே கீறிப் பிரித்தோம். தொட்டிச் சுவரோரம் வட்டமாகச் சுற்றிய வேர்களை மூன்று நாலு இடத்தில் கீறிவிட்டேன். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் அதை விட்டுவைத்தால் நாளை அதே வேர் மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

நர்சரிக் குச்சியை எடுத்தாயிற்று. வேர்க்கட்டிக்கு வெளியே இரண்டு பக்கம் இரண்டு முளை, அதிலிருந்து அகலமான பட்டையால் தளர்வாகக் கட்டு. காற்றில் மரம் ஆட வேண்டும், ஆடினால்தான் அடித்தண்டு தடிக்கும். முளைகள் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டாவது கோடைக்குள் எடுத்துவிட்டேன்.

தண்ணீர்தான் மரத்தை நிறுத்துகிறது

பாலோ வெர்டே தண்ணீர் இல்லாமல் சாவதைவிடத் தண்ணீர் அதிகமாகிச் சாய்வதுதான் இங்கே அதிகம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மான்சூன் காலம். மழை கொஞ்சம், காற்று நிறைய. புழுதிச் சுவர் கிளம்பி வந்து தெருவை மூடும், பின்னாலேயே இடிமழையின் காற்று அடிக்கும்.

அப்படி ஒரு ராத்திரிக்கு மறுநாள் காலை, எதிர்வரிசை வீட்டில் நன்றாக வளர்ந்த ஒரு கலப்பு மெஸ்கீட் வேரோடு சாய்ந்து கிடந்தது. போய்ப் பார்த்தேன். தலை ரொம்பப் பெரிது, அடர்த்தி. வேர் மட்டும் தோசைக்கல் மாதிரி தட்டையாக, ஒரு அடி ஆழம்கூட இல்லை. சொட்டுநீர்க் குழாய் அடிமரத்தை ஒட்டியே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நட்ட நாள் வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது போல. தினமும் கொஞ்சம் கொஞ்சம் காலடியிலேயே தண்ணீர் கிடைத்தால் வேர் எதற்கு ஆழமாகப் போகும்?

இங்கே தண்ணீர்த் துறையினர் சொல்லும் கணக்கு சுலபமானது. சின்னச் செடிக்கு ஒரு அடி ஆழம், புதருக்கு இரண்டு அடி, மரத்துக்கு மூன்று அடி நனைய வேண்டும். வேர் பிடித்த பாலைவன மரத்துக்குக் கோடையில் 7 முதல் 21 நாளுக்கு ஒரு முறை, குளிர்காலத்தில் 30 முதல் 60 நாளுக்கு ஒரு முறை. நனைந்ததா என்று பார்க்க முனை கூரான நீளமான இரும்புக் கம்பி போதும். தண்ணீர் விட்ட மறுநாள் குத்தினால் ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு போகும், உலர்ந்த இடத்தில் நிற்கும். என் கம்பியில் மூன்றடிக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.

நட்ட புதிதில் மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை, வேர்க்கட்டியின் மேலேயே எமிட்டர், அதாவது குழாயில் தண்ணீர் சொட்டும் வாய். பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனேன், ஒவ்வொரு முறை விடும் நேரத்தையும் கூட்டினேன். எமிட்டர்களை ஒவ்வொரு வசந்தத்திலும் கிளை விளிம்புக்கு நகர்த்துகிறேன். மரம் புல்தரை ஸ்பிரிங்க்ளர் எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. டைமரில் மரத்துக்கென்று தனி வால்வு ஒதுக்குவது கொஞ்சம் செலவுதான், செய்துவிடுங்கள். பூச்செடியும் மரமும் ஒரே வால்வில் இருந்தால் இரண்டில் ஒன்று எப்போதும் தப்பான அளவில்தான் குடிக்கும்.

வளர்ந்தபிறகு

இப்போது மரம் கூரை விளிம்பைத் தாண்டிவிட்டது. போன ஜூனில் ஐந்து மணிக்கு அதே வெப்பமானியைக் காட்டினேன். மரநிழல் விழும் சுவர் 45, இரண்டடி தள்ளி வெயில் விழும் சுவர் 56. இன்னும் சுவர் முழுவதும் மறையவில்லை, வடகோடி திறந்துதான் கிடக்கிறது.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. ஏப்ரலில் பூத்துக் கொட்டுகிறது. சரளையெல்லாம் மஞ்சள், பிள்ளைகள் அள்ளி விளையாடுகிறார்கள், நான் புளோயரோடு திரிகிறேன். நீச்சல்குளம் வைத்திருப்பவர்கள் குளத்துப் பக்கம் இதை வைக்காதீர்கள். பூக்காலம் முழுக்க தேனீ மொய்க்கும். ஜூலையில் ராத்திரி வெளிவிளக்கைப் போட்டால் பாலோ வெர்டே வண்டு வந்து மோதும். மூன்று அங்குலம், கறுப்பு, நீளமான மீசை. முதல் முறை பார்த்தால் அலறத்தான் தோன்றும். மனிதரை ஒன்றும் செய்யாது. அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்று ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. அடிமரத்தைச் சுற்றிக் கட்டைவிரல் நுழையும் துளைகள் இருந்தால் வண்டு வெளியேறியிருக்கிறது என்று பொருள். வாடிய, வயதான மரத்தைத்தான் அது அதிகம் பிடிக்கும். மருந்து விற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள், நான் வாங்கவில்லை. மரத்தை வாடவிடாமல் வைத்திருப்பதுதான் இதற்கு வைத்தியம்.

கிளை கழிப்பது பூ முடிந்தபிறகு, அளவாக. ஒன்றோடொன்று உரசும் கிளை, குறுகலான கவையாகப் பிரிந்து பின்னால் பிளக்கப்போகும் கிளை, இவற்றை மட்டும் எடுக்கிறேன். நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. தோட்ட வேலைக்கு வரும் ஆட்கள் பாலோ வெர்டேயைக் கண்டாலே உள்கிளைகளை வழித்து, நுனியில் மட்டும் கொத்தாக விட்டுவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். காற்றுக்கு அந்த நுனிக்கொத்துதான் பிடி, கிளை முறியும். நிழலில்லாத இளம் பச்சைப் பட்டையும் வெயிலில் வெந்துபோகும். கீழ்க் கிளைகளைத் தூக்கித் தரட்டுமா என்று போன மே மாதம் ஒருவர் கேட்டார். ஆறு மணி வெயிலை விளக்கிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை தெரியவில்லை, ஆனால் கிளையைத் தொடவில்லை.

முன்பக்கம் தெற்குப் பார்த்தது. அங்கே டெசர்ட் வில்லோ வைப்பதாக இருக்கிறோம். குளிர்காலத்தில் இலையை முழுக்க உதிர்க்கும் என்பதால் ஜனவரி வெயில் வரவேற்பறைக்குள் வரும். எச்.ஓ.ஏ.வுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அனுமதி வந்ததும் 811-ஐ மறுபடி அழைக்க வேண்டும். கொல்லைப்புறத்துக்குப் போட்ட பழைய குறிகள் முன்பக்கத்துக்குச் செல்லாது. கடப்பாரை காரேஜில்தான் இருக்கிறது.